வருணகேசரியில் எட்டுப் பேர்

கடல் இல்லாத கோயமுத்தூரில் ஒரு கமடோர் இருந்தார்.

வரதராஜுலு முப்பது வருடம் ஒரு நூற்பாலையில் ஆட்களை எடுப்பதும் அனுப்புவதுமாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீரில் அவருக்கு இருந்த அனுபவம் ஊட்டி படகு இல்லத்தில் அரை மணி நேரம்; அதிலும் பாதியில் தலை சுற்றுகிறது என்று கரைக்குத் திரும்பிவிட்டார். ஆனாலும் கொங்கு அளவுமாதிரி நீர்மூழ்கிக் கழகத்தின் தலைவர் என்ற முறையில் அவருக்குக் கமடோர் என்ற கடற்படைப் பட்டமும் ஒரு வெள்ளைச் சீருடையும் உண்டு. கல்யாண பேண்டு செட்டுக்குத் தைக்கிற தையல்காரர் தைத்தது. தோளில் நான்கு தங்கப் பட்டைகள். மூன்று போதாதா என்று ஒருவர் கேட்டதற்கு, சரிகை மீந்துவிட்டது என்று தையல்காரர் சொன்னாராம்.

கழகத்தில் மொத்தம் எட்டுப் பேர். ஏழு பேருக்கு ஏதாவது ஒரு வேலை தெரியும். பம்பு செட்டு ஊர் அல்லவா, தண்ணீரை உள்ளே விடவும் வெளியே தள்ளவும் ஆளுக்கு ஒரு வித்தை கைவசம் இருந்தது. சென்னியப்பனுக்கு ஆயில் சீல். சுழலும் தண்டைச் சுற்றி உட்கார்ந்து, தண்ணீரை எட்டிப் பார்க்கவிடாமல் தடுக்கிற ரப்பர் வளையம். 'சென்னியப்பன் சீலா? போட்டுட்டு மறந்துருங்க' என்று சூலூர் வரைக்கும் பேச்சு. அந்தப் பேச்சை அவரே தொடங்கிவைத்தார் என்று சொல்பவர்களும் உண்டு. ஐம்பத்து நாலு வயதில் வேறு எந்தப் பெருமையும் அவருக்குச் சேர்ந்திருக்கவில்லை.

மூன்று வருடம் உழைத்து அவர்கள் கட்டிய நீர்மூழ்கியின் பெயர் வருணகேசரி. அறுபத்து நாலுக்கு ஒன்று அளவு. மூன்றரை அடி நீளம். பெரிய கப்பலில் இருக்கிற ஒவ்வொரு குழாயும் இதிலும் உண்டு. இத்தனையும் செய்தபின் கமடோருக்கு ஒரு குறை வந்தது.

"ஆளில்லாத கப்பல் கப்பலே அல்ல. அது மிதக்கிற டப்பா," என்றார்.

முப்பது வருடத்துக்கு முன்பாக இருந்தால் பிளாஸ்டிக்கில் எட்டுப் பொம்மை வைத்து முடித்திருப்பார்கள். இப்போது தெருவுக்குத் தெரு மனப்படி எடுக்கிற கடை வந்துவிட்டது. தலையில் ஒரு கவசத்தை மாட்டி நாற்பது நிமிடம் உட்கார்ந்தால், நம்முடைய நினைவு, கோபம், குசும்பு எல்லாவற்றையும் படி எடுத்து விரல்கடை அளவுச் சில்லில் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் பேரன் பேத்திகளுக்கு விட்டுப்போக எடுப்பார்கள். பேரன் பேத்திகள் அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவார்கள். கழகத்தின் எட்டுப் பேரும் ஒரு சனிக்கிழமை வரிசையில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டார்கள்.

சில்லுகளைக் கப்பலில் ஏற்றியவர் ஜெபசீலி. பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், நாங்குநேரிப் பக்கத்துக்காரர், கழகத்தின் ஒரே பெண். கப்பலின் உட்புறத்தை அப்படியே கணக்கில் கட்டி, அதற்குள் எட்டுப் படிகளையும் குடிவைத்தார். அவர்களுக்குக் கை உண்டு, கால் உண்டு, பசி உண்டு. கமடோரின் பிடிவாதத்தால் மூச்சும் உண்டு. காற்றுக்கும் கணக்கு வைத்தால் தேசியப் போட்டியில் துல்லியத்துக்குப் பன்னிரண்டு மதிப்பெண் கூடுதல்.

"இன்னொண்ணு சொல்லுதேன்," என்றார் ஜெபசீலி அன்றைக்கு. "உள்ள நேரம் எட்டு மடங்கு வேகமா ஓடணும். நமக்கு ஒரு நிமிஷம், அவுங்களுக்கு எட்டு."

"அதெதுக்குங்க?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"சின்னத் தொட்டில் வேகமா ஆடும், பெரிய தொட்டில் மெதுவா ஆடும், பாத்திருக்கீங்கள்லா? சின்னக் கப்பலும் அப்படித்தான். ஆட்டமும் சாய்வும் எல்லாம் வேகமா நடக்கும். உள்ள இருக்கவனுக்குப் பெரிய கப்பல் மாதிரித் தெரியணும்னா அவன் நேரத்தையும் சேத்து முடுக்கணும்."

"அப்ப நாம அரை மணி நேரம் முக்கி வெச்சா?"

"அவுங்களுக்கு நாலு மணி நேரம்."

"பரவால்லீங், ஒரு ஷிப்டுல பாதி," என்றார் சென்னியப்பன். எல்லோரும் சிரித்தார்கள்.

வெள்ளோட்டம் ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட ஒரு கல்குழியில். பாறை எடுத்த பள்ளத்தில் எழுபதடிக்குத் தண்ணீர் நின்றது. கரையில் ஷாமியானா, மேடை, ஒலிபெருக்கி, நாற்பது நாற்காலி. அழைப்பிதழில் கமடோரின் படம் கப்பலைவிடப் பெரிது.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் சென்னியப்பனுக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. பின்பக்க நீர்த்தொட்டியின் தண்டுக்காக அவர் பார்த்துப் பார்த்து வெட்டிய இரட்டை உதட்டு சீல், பொருத்தும்போது கிழிந்துவிட்டது. அந்தத் தண்டு இரண்டு பக்கமும் போய் வருவது. தண்ணீரை உள்ளே இழுத்தால் கப்பல் இறங்கும், வெளியே தள்ளினால் ஏறும். இரண்டு பக்கமும் தடுக்க இரண்டு உதடு வேண்டும். புதிதாக ஒன்று வெட்டிச் சூடு வைக்க இரண்டு நாள் ஆகும். பட்டறையில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஒன்றின் ஒற்றை உதட்டு சீல் கிடந்தது. அளவு சரியாக இருந்தது. அரை மணி நேரம் தாங்காதா என்ன என்று அதை மாட்டினார். கட்டுமானப் படிவத்தில் 'சீல்: இரட்டை உதடு, பரிசோதிக்கப்பட்டது' என்று போன வாரமே எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. அந்தப் படிவத்தை வைத்துத்தான் ஜெபசீலி கப்பலின் உட்புறத்தைக் கட்டியிருந்தார்; சாய்வதும் ஒழுகுவதும் நிஜக் கப்பலிலிருந்து வரும், பாகங்கள் மட்டும் எழுதியபடியே இருக்கும். திருத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சென்னியப்பன் சொல்லவில்லை.

காலை பத்தரைக்கு வருணகேசரி இறங்கியது. கமடோர் சல்யூட் அடித்தார். பதினொரு மணிக்கு அது மேலெழுந்து வரவேண்டும்.

பதினொன்று ஐந்துக்கு வரவில்லை. பதினொன்று பத்துக்கும் வரவில்லை. தண்ணீர் பாறையின் நிழலோடு கறுப்பாக, ஒரு குமிழிகூட இல்லாமல் கிடந்தது. தண்ணீருக்குள் வானொலி அலை போகாது. கம்பி வைத்துப் பேசலாம். கம்பி வைத்தால் மதிப்பெண் போகும் என்று வைக்கவில்லை.

ஒற்றை உதடு தண்ணீரை இழுக்கும்போது பிடித்திருக்கும், தள்ளும்போது மடங்கியிருக்கும். பின்பக்கம் நிறைந்து, வாலைத் தரையில் ஊன்றி அது உட்கார்ந்திருக்கிறது. நேரில் பார்த்த மாதிரி சென்னியப்பனுக்குத் தெரிந்தது.

மேடைக்குப் பின்னால் போய்க் கமடோரைப் பிடித்தார்.

"ஏனுங்க, மேல வரலீங்களே. கொக்கி போட்டுப் பாத்துருலாங்களா?"

"வராது," என்றார் கமடோர் பெருமையாக. "உள்ளே கேப்டன் யார்? நான். இத்தனை பேர் பார்க்க ஒரு சாதனை செய்ய வாய்ப்பு இருக்கும்போது, சொன்ன நேரத்துக்கு நான் மேலே வருவேனா? தண்ணீருக்குள் தாங்கும் நேரத்தில் தென்னிந்திய ரெக்கார்டு ஒன்றரை மணி. அதை முறிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் மனசு எனக்குத் தெரியாதா?"

"ஒருவேளை ஏதாச்சும் ஒழுகி…"

"உங்கள் சீல் ஒழுகுமா சென்னியப்பன்?"

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சுற்றிலும் கழகத்துக் குப்புராஜ், கிட்டுசாமி, மற்றவர்கள் நின்றார்கள்.

"அதெப்புடிங்க ஒழுகும்," என்றார் சென்னியப்பன்.

சிறப்பு விருந்தினர் பதினொன்றே முக்காலுக்கு வந்தார். கடல் இல்லாத ஊரில் கடலின் மாண்பைப் பற்றி ஐம்பது நிமிடம் பேசினார். சென்னியப்பன் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து எட்டால் பெருக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது நிமிடம், நானூறு நிமிடம். சோழர்கள் கடாரம் போய்ச் சேர்வதற்குள் கீழே இரண்டு மணி நேரம். பொன்னாடை போர்த்த இருபத்து நாலு நிமிடம். பொன்னாடையை மடித்து உதவியாளரிடம் கொடுக்க இன்னொரு எட்டு. கமடோரின் நன்றியுரையின்போது அங்கே ஒருவர் தூங்கி எழுந்திருக்கலாம்.

பக்கத்தில் ஜெபசீலி கைபேசியில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை மணி வரைக்குங்க காத்து?"

"எட்டுப் பேருக்கு நாப்பது மணி நேரம். நமக்கு அஞ்சு. மூணரைக்கு முடிஞ்சிரும்."

"நேரம் தப்புனா உள்ள இருக்கற படியெல்லாம் தானா தூங்கிரும்னு ஒரு சுவிட்சு வெச்சிருக்கறதா படிவத்துல போட்டிருந்தீங்களே? தூங்கிட்டா மூச்சு வேண்டாமில்லீங்க?"

ஜெபசீலி கைபேசியைத் திருப்பி மடியில் வைத்தார்.

சாப்பாடு ஆனதும், விருந்தினரின் கார் கிளம்பிய புழுதி அடங்கியதும், ரெக்கார்டு முறிந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கமடோரே லேசாகக் கவலைப்பட்டார்.

"கொஞ்சம் ஓவராகப் போகிறேன் போலிருக்கிறதே," என்றார்.

"உள்ள எட்டுப் பேரு மூச்சு முட்டிக்கிட்டு இருப்பாங்க சார்," என்றார் ஜெபசீலி.

"யார் எட்டுப் பேர்? இதோ இருக்கிறோம் எட்டுப் பேர். பாயசம் சாப்பிட்டோம். நாம் இங்கே உட்கார்ந்திருக்கும்போது நாம் எப்படி அங்கே சாக முடியும்? ஜெராக்ஸ் கிழிந்தால் பத்திரம் கிழியுமா? சட்டமே அப்படிச் சொல்லவில்லை."

"ஜெராக்ஸுக்கு மூச்சு வெக்கச் சொன்னது நீங்கதான் சார்."

"அது மதிப்பெண்ணுக்கு."

குப்புராஜ் கெக்கெக்கே என்று சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்காததால் பாதியில் நிறுத்தினார். ஒருவர் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடலாமா என்றார். வந்தால் காரணம் கேட்பார்கள், எழுதி வாங்குவார்கள் என்றார் இன்னொருவர். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. அதை எட்டுப் பேருமே உடனே ஒப்புக்கொண்டது சென்னியப்பனுக்கு அப்போது வியப்பாகத் தோன்றவில்லை, ஆறுதலாக இருந்தது.

இரண்டேகாலுக்குக் கயிறும் கிணற்றுப் பாதாளக் கரண்டியும் வந்தன. கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவுகிற அதே கரண்டி. மூன்று வருட உழைப்பை அதைக்கொண்டுதான் தேடினார்கள். மூன்று மணி ஆயிற்று. மூன்றே கால். சென்னியப்பன் உள்ளங்கை தோல் உரிய இழுத்தார். பாறையும் பழைய டயரும் வந்தன. மூன்றரை அடித்தபோது யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்பதிலிருந்தே எல்லோருக்கும் மணி தெரிந்திருந்தது. அவர் மட்டும் கயிற்றை விடவில்லை.

"விடுங்க மச்சா, கை கிழியுது," என்றார் குப்புராஜ்.

"இழுடா!" என்றார் சென்னியப்பன். குப்புராஜை அவர் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

ஐந்தரைக்கு வருணகேசரி வால் கீழாக மேலே வந்தது. பின்பாதியிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆபத்தில் கழன்று விழவேண்டிய, குப்புராஜ் மாட்டிய அடிக்கட்டை ஈயம் அடிவயிற்றோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. குப்புராஜ் தன் மேல்துண்டை எடுத்து அந்த இடத்தைத் துடைக்கிற மாதிரி மூடினார்.

தகரக் கொட்டகைக்குள் கொண்டுபோய் ஜெபசீலி ஒரு திரையோடு இணைத்தார். எட்டுப் பெயர்கள் வந்தன. ஏழுக்கு நேரே 'முடிந்தது'. ஒன்றுக்கு நேரே பச்சைப் புள்ளி.

"யாரு?" என்றது கூட்டம்.

"சென்னியப்பண்ணன்," என்றார் ஜெபசீலி.

கமடோர் சீக்கிரம் தேறிக்கொண்டார். அதுதான் தலைமைப் பண்பு. மூன்று மாதத்துக்கு முன் எடுத்த மூலச் சில்லுகள் பத்திரமாக இருக்கின்றன. எட்டுப் பேரையும் மறுபடி புதிதாக எழுப்பிவிடலாம். அவர்களுக்கு இன்றைய சங்கதி எதுவும் தெரியாது. அடுத்த மாதம் தேசியப் போட்டி. ஒரே இடைஞ்சல்தான். ஒருவருக்கு ஒரு படிக்கு மேல் ஓடக்கூடாது என்பது சட்டம். மிச்சமிருக்கிற இந்தச் சென்னியப்பனை அழிக்கவேண்டும். அதற்கு அசல் ஆளின் கையெழுத்து வேண்டும்.

"இந்த ஃபார்ம்," என்றார். பையிலேயே வைத்திருந்தார். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. நாங்கள் வெளியே டீ குடிக்கிறோம்."

எல்லோரும் போனபின் ஜெபசீலி ஒரு திருகைக் காட்டினார்.

"எட்டு மடங்கில இருந்து நம்ம வேகத்துக்குக் கொண்டுவந்திருக்கேன். இப்ப பேசலாம். இடப்பக்கம் திருப்புனா இன்னும் மெதுவாகும். கடைசி வரைக்கும் போனா அவருக்கு ஒரு நொடி, நமக்கு ஒரு வருசம். பேட்டரியே குடிக்காது. கூடத்தில அலங்காரத்துக்கு வைக்கவங்க அப்படி வைப்பாங்க." வாசலில் நின்றார். "அண்ணே, உள்ள அம்பத்தாறு மணி நேரம் ஆயிருக்கு. கொஞ்சம் பாத்துப் பேசுங்க."

சென்னியப்பன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன்னையே எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

"ஏனுங்க," என்றார்.

ஒலிபெருக்கியில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் அவருடைய குரலே, ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்த மாதிரி.

"எனக்கு நானே 'ங்க' போட்டுக்கறனா? நல்லா இருக்குது மருவாதி."

"மேல தூக்கிட்டோம்."

"தெரியுது. காத்து வருது. தனியா இருந்தா காத்து ரொம்ப நேரம் வருதப்பா. ஏழு பேரு மிச்சம் வெச்சுட்டுப் போன காத்து." நின்று, மறுபடி பேசியது. "எறங்கி ஒரு மணி நேரத்துலயே வால்ல தண்ணி. தொட்டியைக் கழட்டிப் பாத்தேன். சீலு புதுசு மாதிரி மினுமினுன்னு இருக்குது. ரெட்டை உதடு. ஒரு கீறல் இல்ல. மறுபடி மாட்டுனா மறுபடி தண்ணி. நாப்பத்தொரு தடவை கழட்டுனேன். நாப்பத்தொரு தடவையும் ஒரு குத்தம் இல்ல."

சென்னியப்பன் முக்காலியைத் திரைக்கு நெருக்கி இழுத்தார்.

"அது நீ வெட்டுன சீலு இல்ல. நீ எழுதுன சீலு. சரிதானே?"

"கிழிஞ்சுபோச்சு," என்றார் சென்னியப்பன். "ஒத்தை உதட்டை மாட்டுனேன். படிவத்தை மாத்தல. எப்ப கண்டுபுடிச்சே?"

"மூணாவது தடவையே. நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சேன். அவ்வளவுதான்."

"அப்புறம் எதுக்கு நாப்பத்தொரு தடவை?"

"மத்தவங்க பாத்துக்கிட்டு இருந்தாங்கல்ல."

வெளியே டீ கிளாஸ்கள் உரசும் சத்தம் வந்தது.

"சொல்லியிருக்கோணும்," என்றது குரல். "முன்தொட்டி காலின்னு அளவு காட்டற பலகை சொல்லுச்சு. அடிக்கட்டை கழண்டுருச்சுன்னு சொல்லுச்சு. எல்லாஞ் சரி, கப்பலு மட்டும் கெளம்பல. 'பலகையை நம்பாதீங்க, படிவம் பொய்யி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, முன்தொட்டியில இன்னொருக்கா காத்தை ஊதியிருப்போம். மூக்காவது மேல வந்திருக்கும். நான் சொல்லல. சீலு சுத்தமா இருக்குதுங்கன்னே சொல்லிக்கிட்டிருந்தேன். இருவது மணி நேரம் ஆனதும் ஜெபசீலி காத்துக் கணக்கைச் சொல்லுச்சு. கமடோரு எந்திரிச்சாரு. சரி, பேசப் போறாரு, இருக்கற காத்தும் போச்சுன்னு நெனச்சோம். தொப்பியைக் கழட்டி மேசை மேல வெச்சாரு. முன்னறைக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டாரு. அங்க காத்து கெடையாது."

"ஒண்ணுமே பேசலியா? நம்ம கமடோரா?"

"ஒரு வார்த்தை பேசல. அப்புறம் குப்புராஜு. அழுதுக்கிட்டே போனான், என்னடான்னா ஒண்ணுமில்லைங்கறான். அப்புறம் ஒவ்வொருத்தரா. யாரும் யாரையும் போகச் சொல்லல. கடைசியா ஜெபசீலி. சீலு வேலை தெரிஞ்சவரு நீங்க இருங்கண்ணேன்னு சொல்லிட்டுப் போச்சு. எனக்கு மூஞ்சியைத் தூக்கிப் பாக்க முடியல."

சென்னியப்பன் கையில் படிவம் வியர்வையில் நனைந்திருந்தது.

"கையெழுத்துப் போடறதுன்னா போட்டுக்க. எனக்கு மல்லுக்கட்டறதுக்குத் தெம்பில்ல," என்றது குரல். "ஆனா ஒண்ணு. என்ற ஏழு பேரும் போயிட்டாங்க. உன்ற ஏழு பேரும் வெளிய டீ குடிச்சுக்கிட்டு இருக்காங்க. போயிச் சொல்லிரு."

அவர் எழுந்து வெளியே போனார். ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரும் வட்டமாக நின்றிருந்தார்கள்; கமடோர் அறிக்கை சொல்ல, கிட்டுசாமி எழுதிக்கொண்டிருந்தார். 'எதிர்பாராத நீரழுத்தம் காரணமாக' என்கிற இடத்துக்கு வந்திருந்தார்கள்.

"நீரழுத்தம் இல்லீங்க," என்றார் சென்னியப்பன். "படிவத்துல ரெட்டை உதடுன்னு எழுதிட்டு ஒத்தை உதட்டு சீலைப் போட்டேன். நேத்தே தெரியும். பதினோரு மணிக்கே சொல்லியிருக்கோணும். சொல்லல. ஏழு பேரு செத்தது என்னாலதான்."

அடி விழும் என்று எதிர்பார்த்தார். வசவாவது விழும் என்று எதிர்பார்த்தார். குப்புராஜுக்கு வாய் நீளம். 'அடப்பாவி' என்றாவது சொல்வார்.

குப்புராஜ் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டுசாமி எழுதிய வரியை அடிக்கவும் இல்லை, மேலே எழுதவும் இல்லை. கமடோர் தோள்பட்டைச் சரிகையைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. கடைசியில் ஜெபசீலி மட்டும், யாரையும் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்:

"அந்தத் தூங்குற சுவிட்சை நான் மாட்டவே இல்லண்ணே. மாட்டுனதா எழுதிட்டேன். போட்டி முடிஞ்சு மாட்டிக்கலாம்னு."

சென்னியப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கழலாத அடிக்கட்டையை மேல்துண்டால் துடைத்த குப்புராஜ். கப்பலின் உடலை நூறடி ஆழத்துக்குச் சோதித்ததாகத் தன் கையால் சான்றெழுதிய கமடோர். எழுபதடிக் குழியைத் தவிர வேறு ஆழமான தண்ணீரை அந்தக் கப்பல் பார்த்ததே கிடையாது. தீயணைப்பு வேண்டாம் என்று ஒரே மூச்சில் ஒப்புக்கொண்ட எட்டுப் பேர். கப்பலுக்குள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு சொற்பொழிவும் இல்லாமல் போன கமடோர் காற்றை விட்டுக்கொடுக்கப் போகவில்லை. குற்றம் தன்னுடையது மட்டுமே என்று நினைத்து, வெட்கத்தில் போயிருக்கிறார். எல்லோருமே, நானாக இருந்தால் படிவத்தில் என்ன எழுதியிருப்பேன் என்று யோசித்து, அப்படித்தான் போயிருக்கிறார்கள்.

"இதெல்லாம் மினிட்ஸில் வேண்டாம்," என்றார் கமடோர். "கையெழுத்து ஆயிற்றா?"

சென்னியப்பன் கொட்டகைக்குத் திரும்பினார்.

"சொல்லிட்டேன்," என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுஞ் சொல்லல. எப்புடிச் சொல்லுவாங்க? ஒருத்தன் விடாம எல்லாப் படிவமும் பொய்யப்பா. நீ மட்டும் இல்ல. அங்க செத்த ஒவ்வொருத்தரும் தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டுத்தான் கதவைச் சாத்தியிருக்காங்க."

ஒலிபெருக்கியில் ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பா என்று அந்தக் குரலுக்கு உரிய சென்னியப்பனுக்கே தெரியவில்லை.

"அடக் கெரகமே. முன்னாலயே தெரிஞ்சிருந்தா எட்டுப் பேரும் ஒண்ணா உக்காந்து, ஒருத்தனை ஒருத்தன் கெட்ட வார்த்தையில வெய்துக்கிட்டாவது இருந்திருப்போமே. ஊதியிருப்போம். இல்லாட்டி ஒண்ணாவாவது போயிருப்போம்." குரல் உடைந்து, சேர்ந்தது. "அவுங்களைக் கூப்புடு. எல்லாத்தையும் கூப்புடு. ஒருக்கா சுத்தி உக்காரட்டும். என்னைய நாலு வார்த்தை வெய்யட்டும், நானும் வெய்யறேன். அதுக்கப்புறம் நீ கையெழுத்துப் போடு, நான் வேண்டாங்கல."

"இருப்பா. கூட்டிட்டு வர்றேன்," என்றார் சென்னியப்பன்.

வாசலுக்கு வந்தார். கார் கதவுகள் சாத்துகிற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. கமடோரின் வெள்ளைக் கார் முதலில் போயிற்று. குப்புராஜுக்கு அன்னூரில் ஒரு வரவேற்பு ஞாபகம் வந்துவிட்டதாம். ஷாமியானாக்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜெபசீலியின் ஸ்கூட்டர் மண்பாதை திருப்பத்தில் ஒருமுறை நின்றது. நின்று, போய்விட்டது. மேசைமேல் ஏழு கிளாஸ்கள், பாதி பாதி டீயோடு.

சென்னியப்பன் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க அவுங்க?" என்றது குரல்.

"வந்துட்டிருக்காங்க," என்றார்.

சொன்ன கையோடு திருகைப் பிடித்து இடப்பக்கம், அது முட்டி நிற்கிற வரைக்கும் திருப்பினார்.

கையெழுத்துப் போடாத படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கொட்டகையில் சத்தம் இல்லை. ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு மட்டும் ஒரு மயிரிழை முன்னே தள்ளி, அப்படியே நின்றிருந்தது. அங்கே பதில் தொடங்கியிருந்தது. என்ன பதில் என்று முழுதாகத் தெரிய நாலைந்து வருடம் ஆகும்.